அடுத்த பிள்ளை

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் என்று உறுதியானதும், விவரம் தெரிந்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இவனுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்பது. அவர்களையும் அழைத்துவரச் சொல்வார். பெற்றோருக்கு அந்த இடத்தில் கோபம்கூட வரலாம். ஒன்று படுத்துக் கிடக்கிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது. இன்னொன்று பள்ளிக்கூடம் போகிறது, மாலையில் தெருவில் பந்தடிக்கிறது. நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு ஊசி குத்திப் பார்க்க வேண்டும்?

இந்த நோயில் மருத்துவம் தன் முழு வலிமையோடு உதவக்கூடியது அந்த நன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான். படுத்துக் கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்கலாம். பலரை நடக்கவும் எழுதவும் வைக்கலாம். சிலருக்குப் போனது போனதுதான். ஆனால் அறிகுறி தோன்றுமுன் கண்டுபிடிக்கப்பட்டுத் தவறாமல் மருந்து சாப்பிட்டு வரும் பிள்ளைக்கு நோய் வராமலேயே போகும். பரம்பரை வியாதிகளில் இப்படிச் சொல்ல முடிவது வெகு சிலவற்றில்தான். அந்த வாய்ப்பை, கேட்க ஆளில்லாமலும் கேட்டும் போகாமலும் எத்தனையோ குடும்பங்கள் இழந்திருக்கின்றன. அந்த இழப்பைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மனித உடம்பில் இருக்கும் செம்பு மொத்தத்தையும் திரட்டினால் ஏறக்குறைய 100 மில்லிகிராம் தேறும். நாள்தோறும் உணவில் ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே வருகிறது. தானியம், பருப்பு, கொட்டைகள், ஈரல், நண்டு, இறால் என்று பெரும்பாலான உணவிலும் அது உண்டு. உயிரணு மூச்சுவிடவும், இரும்புச் சத்து உடம்பில் சரியாகப் பயன்படவும், நரம்புகள் வேலை செய்யவும் செம்பு இல்லாமல் முடியாது. ஆனால் கட்டுப்பாடில்லாமல் திரியும் செம்பு உயிரணுவை அரித்துவிடும். அதனால் உடம்பு அதை எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தோடு பிணைத்தே வைத்திருக்கிறது.

குடலில் உறிஞ்சப்பட்ட செம்பு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. தேவையான பங்கை செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி ரத்தத்தில் அனுப்புவதும், மிஞ்சியதைப் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியேற்றுவதும் கல்லீரலின் பொறுப்பு. இந்த இரண்டு வேலையையும் செய்வது ஏடிபி7பி என்ற ஒரே புரதம். அதற்கான மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதும், அது பழுதானால் வருவதே வில்சன் நோய் என்பதும் 1993இல் உறுதியாயின. தாயிடமிருந்து வந்த பிரதி, தகப்பனிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால், செம்பு உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழி இருக்காது. உலர்த்திய கல்லீரல் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, 250ஐத் தாண்டி ஏறும். கல்லீரலால் இனிக் கொள்ளாது என்றானதும் ரத்தத்தில் வழிந்து மூளை, கண், சிறுநீரகம், எலும்பு என்று போய்ச் சேரும்.

இது பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. அறிகுறி தெரிய ஐந்து ஆண்டுகள் ஆகலாம், பதினைந்து ஆகலாம், முப்பதைத் தாண்டியும் ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த பிள்ளையை இப்போதே பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

வெளிப்படும்போதும் அது ஒரே முகத்தோடு வருவதில்லை. சிறு வயதில் பெரும்பாலும் கல்லீரல் கோளாறாக வரும்: காமாலை, வயிற்றில் நீர்கட்டுதல், சோர்வு. தமிழ்நாட்டில் காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருப்பது பழக்கம். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். வில்சன் நோயின் காமாலையும் சில சமயம் தற்காலிகமாக இறங்கும். வீட்டில் நிம்மதி பிறக்கும். செம்பு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். சிலருக்குக் கல்லீரல் சில நாட்களுக்குள் மொத்தமாகச் செயலிழந்துவிடும். அந்த நிலையில் பெரும்பாலும் மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி. புதிய கல்லீரலில் பழுதில்லாத மரபணு இருப்பதால் நோயும் அத்தோடு நீங்கும்.

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் நோய் மூளை வழியாக வரும். கையெழுத்து கெடுகிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையைப் பக்கவாட்டில் மடக்கி உயர்த்தினால் பறவை சிறகடிப்பதுபோல் தோளிலிருந்தே நடுங்குகிறது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிலருக்கு முகத்தில் ஒரு சிரிப்பு உறைந்துபோய் நிற்கிறது. அவர்கள் சிரிக்கவில்லை, தசைகள் இறுகியிருக்கின்றன. இன்னும் சிலருக்கு இவற்றுக்கெல்லாம் முன்பே குணம் மாறிவிடும். மதிப்பெண் குறையும், காரணமில்லாமல் ஆத்திரம் வரும், யாரோடும் சேராமல் ஒதுங்குவார்கள். ஆசிரியர் சோம்பல் என்பார், அப்பா திமிர் என்பார், அண்டைவீட்டார் எங்காவது கூட்டிப்போய் மந்திரிக்கச் சொல்வார்கள். அந்த மாதங்களில் அந்தப் பிள்ளை வாங்கும் அடியும் வசவும் எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறுவதில்லை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு வடிவமும் கண்டறியப்பட்டது. பம்பாயில் நோஷிர் வாடியா, தாராப் தஸ்தூர் ஆகியோர் 1960களில் 16 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் எழுதினார்கள். கால் வளைதல், முட்டி தட்டுதல், எலும்பு முறிதல் என்று எலும்பும் தசையும் முதன்மையாகத் தாக்கப்பட்ட நோயாளிகள் இங்கே இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் ஒரு பிள்ளைக்கு உண்மையில் இருப்பது செம்பு மிகுதியாக இருக்கலாம்.

மூளையைப் பாதித்த நிலையில் பெரும்பாலோருக்குக் கண்ணில் ஓர் அடையாளம் இருக்கும். கருவிழியின் விளிம்பில், பழுப்பும் பொன்னும் பச்சையும் கலந்த வளையம். ஜெர்மானியக் கண் மருத்துவர்கள் பெர்ன்ஹார்ட் கைசர் 1902இலும் புரூனோ ஃபிளைஷர் 1903இலும் அதை விவரித்தார்கள். கருவிழியின் உட்புற மெல்லிய சவ்வில் செம்பு படிவதால் உண்டாவது அது. கண் மருத்துவரின் விளக்குக் கருவியில் தெளிவாகத் தெரியும். முற்றினால் வெறும் கண்ணுக்கே தெரியும். சிகிச்சை பலித்தால் மெல்ல மங்கி மறையும்.

நோய்க்குப் பெயர் தந்தவர் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன். அமெரிக்காவில் பிறந்து எடின்பரோவில் படித்து, லண்டன் குவீன் ஸ்குவேர் நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1912இல் 'பிரெய்ன்' இதழில் 200 பக்கங்களுக்கு மேல் நீண்ட கட்டுரையில், தாம் நேரில் கண்ட நால்வரையும் முன்பு மற்றவர்கள் பதிந்தவர்களையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். மூளையின் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடம் சிதைகிறது, கூடவே கல்லீரல் சுருங்கி இறுகுகிறது, இரண்டும் ஒரே நோய் என்று நிலைநாட்டியது அவருடைய சாதனை. வருத்தமான விஷயம், அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் ஒருவர் பின் ஒருவராக விழுவதை அவர் தெளிவாகக் கண்டும், இது குடும்பத்தில் வருவதே தவிரப் பிறப்போடு வருவதல்ல என்று எண்ணினார். கல்லீரலிலிருந்து ஏதோ ஒரு நஞ்சு மூளைக்குப் போகிறது என்று ஊகித்தார். ஊகம் பாதி சரி. நஞ்சு எதுவென்று தெரியாதவரை அடுத்த பிள்ளைக்காகக் காத்திருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

மறு ஆண்டே, 1913இல், ரும்பெல் என்ற ஜெர்மானியர் இப்படி இறந்த ஒருவரின் கல்லீரலில் செம்பு மிகுந்திருப்பதைப் பதிவு செய்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 35 ஆண்டுகள் கழித்து 1948இல், அதே குவீன் ஸ்குவேரில் ஜான் கமிங்ஸ் மூளையிலும் கல்லீரலிலும் செம்பை அளந்து காட்டியபிறகுதான் நோயின் காரணம் செம்பு என்பது நிலைபெற்றது. இரண்டாம் உலகப்போரின்போது ஆர்சனிக் நச்சுவாயுவுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவான 'பால்' என்ற மருந்து, செம்பையும் பற்றி வெளியேற்றும் என்று கமிங்ஸே யோசனை சொன்னார். எண்ணெயில் கரைத்துத் தசையில் போடும் ஊசி அது. வலி தாங்க முடியாது; நாளடைவில் பலனும் குறையும்.

அந்த நிலையில் ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வருகிறார். லண்டனில் பெனிசிலின் கொடுக்கப்பட்ட கல்லீரல் நோயாளிகளின் சிறுநீரில் பெனிசிலமின் என்ற அமினோ அமிலத்தை அவர் ஏற்கனவே கண்டிருந்தார். பெனிசிலின் உடைவதால் வரும் பொருள் அது. 1955 வாக்கில் அவர் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இருந்தபோது, ஊசி பலிக்காமல் போன ஒரு வில்சன் நோயாளியைப் பார்க்க அழைக்கப்பட்டார். பெனிசிலமினின் கட்டமைப்பு செம்பைப் பற்றக்கூடியது என்பது அவருக்கு அங்கே தோன்றியது. அதை விற்பவர் எவரும் இல்லை. எம்ஐடியில் பெனிசிலினைச் செயற்கையாக உருவாக்க முயன்றுகொண்டிருந்த வேதியியலர் ஜான் ஷீஹனிடமிருந்து இரண்டே கிராம் கிடைத்தது. நோயாளிக்குக் கொடுக்குமுன் வால்ஷ் தாமே அதில் கொஞ்சம் விழுங்கிப் பார்த்தார். பிறகு கொடுத்தார். நோயாளியின் சிறுநீரில் செம்பு பெருகி வந்தது. 1956இல் அதை வெளியிட்டார். வில்சன் நோய்க்கு வாய்வழி மருந்து பிறந்தது அப்படித்தான்.

ஆனால் அந்த மருந்தே அவசரத்தின் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. நரம்பு பாதிக்கப்பட்ட சிலருக்குப் பெனிசிலமின் தொடங்கிய சில வாரங்களில் நடுக்கமும் இறுக்கமும் கூடின. சிலர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மூளை ஒருமுறை அடிபட்டபிறகு செம்பை அசைப்பதே ஆபத்தாக முடியலாம். அப்படியானால் மூளை அடிபடுவதற்கு முன்பே தொடங்கினால் என்ன?

நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த இர்மின் ஸ்டெர்ன்லீபும் ஹெர்பர்ட் ஷைன்பெர்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். நோயாளிகளின் உடன்பிறந்தவர்களை வரவழைத்தார்கள். செருலோபிளாஸ்மின் குறைந்திருக்கிறதா, கல்லீரலில் செம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். எந்தக் குறையும் சொல்லாத, தம்மை நோயாளி என்று நினைக்காத இளைஞர்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் தலைகாட்டவில்லை என்பதை 1968இல் எழுதினார்கள். மரபணுவைத் திருத்த யாருக்கும் தெரியாத காலம் அது; மரபணு எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாத காலம். அப்போதே ஒரு பரம்பரை நோயை வரவிடாமல் தடுத்துவிட்டார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் மூன்று பத்தாண்டுகளில் பார்த்த 282 பேரைப் பற்றி 2007இல் விரிவாக வெளியிட்டார்கள். உலகளவில் பெரிய தொகுப்புகளில் ஒன்று அது. அதில் பெரும்பான்மையோர் நரம்புக் கோளாறு வெளிப்பட்டபிறகு வந்தவர்கள். அறிகுறி தோன்றுமுன் கண்டறியப்பட்டவர்கள் மிகச் சிலரே. நரம்பியல் மருத்துவமனைக்கு அப்படித்தான் வருவார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த வீட்டின் கணக்கைப் பார்க்கலாம். நோயுள்ள பிள்ளையின் தாய், தகப்பன் இருவரிடமும் ஒரு பழுதான பிரதியும் ஒரு நல்ல பிரதியும் இருக்கின்றன. ஒரு நல்ல பிரதி போதும் என்பதால் அவர்களுக்கு நோயில்லை. அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. உலக மக்களில் ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய், அந்த வீட்டுக்குள் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. அடுத்த பிள்ளையை அழைத்துவரச் சொல்வதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் சொந்தத்தில் நடக்கும் திருமணம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. பொதுவாகத் தொண்ணூறு பேரில் ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார் என்று கொள்கிறார்கள். ஒருவர் சுமந்தால், அவருடைய அக்கா மகளும் அதையே சுமக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளோ அத்தை மகளோ என்றால் எட்டில் ஒன்று. இதைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். சொந்தத்தில் மணந்ததால் நோய் உண்டாவதில்லை. ஏற்கனவே இருக்கும் பழுதான பிரதிகள் இரண்டு ஒரே பிள்ளையில் சந்திக்க வழி அகலமாகிறது, அவ்வளவுதான். அந்நியத்தில் மணந்தவர்களின் வீட்டிலும் இது வருகிறது. அப்படியிருந்தும் பல வீடுகளில் பழி பெண்ணின்மேல் விழுகிறது: "உன் வீட்டு வியாதி." தாய் எவ்வளவு கொடுத்தாளோ அதே அளவு தகப்பனும் கொடுத்தால்தான் இந்த நோய் வரும். இதை மருத்துவர், குடும்பத்தார் எல்லாரும் இருக்கும்போதே உரக்கச் சொல்ல வேண்டும்.

செம்பு என்றதும் பாத்திரத்தின் நினைவு வருவது இயல்பு. இந்தியாவில் அதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. கல்கத்தாவில் 1887இலேயே விவரிக்கப்பட்ட 'இந்தியக் குழந்தை ஈரல் சுருக்கம்' என்ற நோய் ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளைக் கொன்றுவந்தது. அவர்களின் ஈரலில் செம்பு மலையாகக் குவிந்திருந்தது. 1980களில் பூனாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டேனரும் சேர்ந்து, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைப் பிறந்த சில வாரங்களிலேயே புகட்டியதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். எவர்சில்வர் வந்து பித்தளை ஒதுங்கியபோது அந்த நோயும் ஏறக்குறைய மறைந்தது. ஆஸ்திரியாவின் மேற்குப் பகுதியில் 1900க்கும் 1974க்கும் இடையில் இதே போன்ற நோயில் 138 குழந்தைகள் இறந்ததும், அங்கும் செம்புப் பாத்திரப் பாலே ஊட்டப்பட்டதும் 1996இல் வெளிவந்தன. வில்சன் நோய் வேறு. எந்தப் பாத்திரத்தை மாற்றினாலும் அது மாறாது. சாதாரணச் சாப்பாட்டில் இருக்கும் செம்பே அதற்குப் போதும். ஆனால் இப்போது ஆரோக்கியம் என்று விற்கப்படும் செம்புக் குடத்துத் தண்ணீர் வில்சன் நோயாளிக்கு ஆகாது. நோய் உறுதியான வீட்டில், சோதனை முடியாத அடுத்த பிள்ளைக்கும் அதைத் தவிர்ப்பதே சரி.

சரி, அடுத்த பிள்ளைக்கும் நோய் இருப்பது தெரிந்துவிட்டது. அதன்பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். பெனிசிலமின், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வால்ஷ் 1969இல் கொண்டுவந்த டிரையென்டைன், அல்லது துத்தநாகம். துத்தநாகத்தின் வேலை குடலில் நடக்கிறது. குடல் உயிரணுக்களில் செம்பைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை அது பெருக்குகிறது. அந்த உயிரணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. நெதர்லாந்தில் 1961இலேயே தொடங்கிய அந்த முயற்சிக்கு அமெரிக்காவில் 1997இல்தான் ஒப்புதல் கிடைத்தது. எதுவானாலும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையில் நேரம் விட வேண்டும். வெறும் வயிறு பார்த்து, கடிகாரம் பார்த்து விழுங்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் வயதில், நண்பர்களோடு ஊர் சுற்றும் வயதில், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்ற எண்ணம் வரும். நிறுத்தினாலும் உடனே ஒன்றும் ஆகாது. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துக் கல்லீரல் திடீரென்று கைவிரிக்கும். மருந்தை நிறுத்தி உயிரிழந்தவர்களைப் பற்றி வால்ஷ் 1986இல் தனியாக எழுதியே எச்சரித்தார்.

நிறுத்துவதற்குப் பணமும் காரணமாகலாம். அமெரிக்காவில் வேலியன்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தபிறகு டிரையென்டைன் 100 கேப்சூலின் விலை 652 டாலரிலிருந்து 2015க்குள் 21,267 டாலராக ஏற்றப்பட்டது. மருந்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. 2016இல் அந்நாட்டு செனட் குழுவின்முன் அது விசாரணைக்கு வந்தது. வால்ஷ் தம் ஆய்வகத்தில் தாமே தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்த பொருளை, இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்ற நிலையில் இருப்பவர்களிடம் அந்த விலைக்கு விற்றது மனசாட்சிக்கு ஒவ்வாத செயல்.

அடுத்த பிள்ளை வளர்கிறாள். வேலைக்குப் போகிறாள். கல்யாணப் பேச்சு வருகிறது. மருந்தோடு கருத்தரித்து நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் பலர். கர்ப்ப காலத்தில் அளவைக் குறைக்கலாமே தவிர, மருந்தை நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு நோய் வருமா என்பது மணமகன் யார் என்பதைப் பொறுத்தது. அந்நியத்தில் என்றால் 180இல் ஒரு வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒன்று. மாமன் மகன் என்றால் எட்டில் ஒன்று. குடும்பத்தில் ஓடும் மரபணுப் பழுது எதுவென்று முதல் நோயாளியிடம் கண்டறிந்துவிட்டால், மாமனிடம் அது இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு குழாய் ரத்தத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் அந்தச் சம்பந்தத்தில், அந்நியத்தில் மணப்பதைவிட அதிகமாக இந்த நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சோதனைக்கு எழுதிக்கொடுக்க வேண்டியவர் முதல் பிள்ளையைப் பார்த்த மருத்துவர்தான். எழுத வேண்டிய நாள், நோய் உறுதியான அதே நாள்.